அளவு யாருக்குத் தெரியும்?

உண்ணும் ஆசை மனிதனோடு பிறந்த குற்றமா, பின்னால் படிந்த பழக்கமா என்ற கேள்விக்குச் சமயமும் தத்துவமும் வெவ்வேறு விடை சொல்லி வந்திருக்கின்றன. புனித அகஸ்தீன் தம் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலில், கைக்குழந்தையாக முலைப்பாலுக்கு அழுததையே பாவக் கணக்கில் சேர்க்கிறார். அவருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் முந்தியவரான அரிஸ்டாட்டிலோ, நற்பண்பு பழகப் பழக வருவது, அதனால் சிறுவயதில் எதைப் பழகினோம் என்பதே பெரிது என்கிறார். நம் வீடுகளில் வாய் அரிஸ்டாட்டிலைப் பேசினாலும், சாப்பாட்டு நேரத்தில் கை அகஸ்தீனைப் பின்பற்றுகிறது. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, அடக்கத்தை நாம்தான் புகட்ட வேண்டும் என்றே நடந்துகொள்கிறோம். ஆனால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளைப் பற்றிக் கிடைத்துள்ள சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. அளவு குழந்தைக்குத் தெரியும்; அதை மறக்கடிப்பவர்கள் நாம்.

சிகாகோவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர், பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள் 15 பேரைத் தாமே உணவைத் தேர்ந்தெடுக்க விட்டு, முடிவுகளை 1939இல் வெளியிட்டார். மொத்தம் 34 வகை உணவுகள். செவிலியர் எதையும் ஊட்டத் தூண்டக்கூடாது, பாராட்டவோ கண்டிக்கவோ கூடாது. குழந்தை கை நீட்டியதைக் கரண்டியில் எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவே. குழந்தைகள் விருப்பம்போல் சாப்பிட்டார்கள். காலை உணவாக ஆரஞ்சுச் சாறும் ஈரலும், இரவில் முட்டையும் வாழைப்பழமும் பாலும் என்றுகூட. ஆனாலும் நன்றாக வளர்ந்தார்கள். ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தைக்கு மீன் எண்ணெயைக் குவளையில் வைத்தார்கள். நோய் தீரும்வரை அவ்வப்போது அதைத் தானாகவே குடித்தது.

அந்த அறிவு எப்போது மங்குகிறது? 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாலர் பள்ளிக் குழந்தைகளின் தட்டில் மக்ரோனியைக் குறைவாகவும் கூடுதலாகவும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மூன்று வயதை ஒட்டியவர்கள் தட்டில் எவ்வளவு இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவே உண்டார்கள். ஐந்து வயதினர், கூடுதலாக வைத்தபோது கூடுதலாக உண்டார்கள். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பெரியவர்களுக்கு விதியாகச் சொல்லும் ‘அளவறிந்து உண்’ என்பதை மூன்று வயதுக் குழந்தை எந்த நூலும் படிக்காமல் கடைப்பிடிக்கிறது. ஐந்து வயதுக்குள் தட்டு அதற்கு எஜமானாகிவிடுகிறது.

இடைப்பட்ட காலத்தில் வீட்டில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த செல்போனில் பாட்டு ஓடுகிறது. குழந்தையின் கண் திரையில். வாய் மட்டும் தானாகத் திறக்கிறது. அது முகத்தைத் திருப்பினாலும் “இன்னும் ஒரே ஒரு வாய்” முடிவதில்லை. தட்டைக் காலி செய்தால் சாக்லேட் என்ற பேரம் வேறு. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் கொடுத்தபோது குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின்மீது இருந்த விருப்பமே குறைந்ததை உளவியலாளர் லீஆன் பர்ச் 1984இல் காட்டினார். கண்முன் வைத்துக்கொண்டே தடுத்த தின்பண்டத்தின்மீது நாட்டம் கூடுவதையும் அவர் பங்கேற்ற பிற்கால ஆய்வு காட்டியது. உடலசைவின் கதையும் இதுவே. மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஓடுவதற்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நாம் கற்றுக்கொடுப்பது உட்காருவதைத்தான்; எல்.கே.ஜி. வகுப்பில் கைகட்டி அசையாமல் இருக்கும் பிள்ளைக்குத்தான் நல்ல பெயர்.

இனிப்பின்மீது ஆசை பிறவியிலேயே இருக்கிறதே, குழந்தையை அதன் போக்கில் விட்டால் மிட்டாய் மட்டும்தானே தின்னும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. டேவிஸின் 34 உணவுகளில் சர்க்கரையும் இல்லை, மைதாவும் இல்லை. சோதனையின் சூட்சுமமே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆக, எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. பரிசு எப்போதும் கெடுதலா என்றால், காய்கறியை ருசிபார்க்க வைக்கச் சிறு ஸ்டிக்கர் உதவியதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. தயங்கும் நாவை ஒரு துணுக்கு ருசிக்க அழைப்பது வேறு, நிறைந்த வயிற்றில் திணிப்பது வேறு. அப்படியானால் குற்றமெல்லாம் தாய்மேலா என்ற கேள்வியே கனமானது. விடிந்ததும் வேலைக்கு ஓடி, ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்புபவளிடம் மூன்று மணி நேர ஓட்டத்துக்கு இடம் கேட்பது நியாயமல்ல. குழந்தையின் தட்டில் தாயின் கை மட்டும் இல்லை. பள்ளி வாசல் பெட்டிக்கடை, விளம்பரம், மைதானம் இல்லாத பள்ளிக்கு அனுமதி தரும் அரசு எல்லாமே இருக்கின்றன. பொறுப்பைப் பங்கிடும்போது அதிகாரம் உள்ளவர்களுக்கே பெரும் பங்கு போக வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இல்லாத வயதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. நான்கு வயதுக் குழந்தை ‘போதும்’ என்று முகத்தைத் திருப்பினால், அதை அடம் என்று எண்ணாமல் தட்டை எடுத்துவிடுங்கள்.