ஊர்க் கிணற்றின் மேல் நகரத்துக்கு என்ன உரிமை?

2019 ஜூனில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வறண்டு போயின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நகரம் அதை விழாவாக வரவேற்றது. நீர் புறப்பட்ட மாவட்டத்திலோ, எங்கள் தாகத்துக்கு யார் பொறுப்பு என்ற குரல் எழுந்தது. அதே கோடையில் திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிக் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் இரவும் பகலும் தண்ணீர் ஏற்றிச் சென்றன. அந்தக் கோடை எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை: பெருநகரம் தவிக்கும்போது பக்கத்து ஊரின் நீரை எடுத்துக்கொள்ளலாமா?

ஊரின் சம்மதமின்றி எடுப்பது அறமாகாது. ஓர் ஊரின் நீர் முதலில் அந்த ஊருக்கே உரியது. அதன் குடிக்கும் தேவையும் பயிரின் தேவையும் நிறைந்த பிறகே மற்றவர் பேச்சு.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன அறிவுரை, பள்ளமான இடமெல்லாம் நீரைத் தேக்கு என்பதே. நிலைத்த புகழ் வேண்டும் அரசனுக்கு அவர் காட்டிய வழி அது. கரிகாலன் குளம் தோண்டி நாட்டை வளமாக்கியதைப் பட்டினப்பாலை போற்றுகிறது. சிறுபஞ்சமூலம் குளம் வெட்டுவதைச் சுவர்க்கம் தரும் செயல்களில் ஒன்றாக வைக்கிறது. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்கிறார். வாணிகத்துக்கே இந்த நெறி என்றால், ஆட்சிக்கு எவ்வளவு! முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்கிறது. ஏரியைக் காப்பவரை ஊரே குடவோலையில் தேர்ந்தெடுத்தது. நீர் ஊரின் பொறுப்பில் இருந்தது. அதே சோழன் காலத்து வீராணம் ஏரியின் நீர் 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உழவர்களுக்கு அந்த ஏரிதான் வயலும் வாழ்வும்.

அறம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூரைப் பார்த்தால் போதும். சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் அங்கே ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சியதால் நன்னீர் மட்டம் தாழ்ந்தது. கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது. வயற்கிணறு உவர்ந்தது. கரித்த நீரைப் பயிருக்குப் பாய்ச்சவும் முடியாது, குடிக்கவும் முடியாது. லாரிக்குக் கொடுத்த காசு அந்த மண்ணுக்கு இனிப்பை மீட்டுத் தருமா? கிணற்றுக்காரர் விற்கிறாரே என்பார் உண்டு. அவர் கிணற்றின் ஊற்று அவர் வேலியோடு நின்றுவிடுவதில்லை; அவர் விற்கும்போது அடுத்த நிலத்து ஏழையின் கிணறும் சேர்ந்து வற்றுகிறது.

சட்டம் இங்கே தடுமாறுகிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், நிலத்தடி நீரை எடுக்கும் உரிமையை நிலத்துக்காரருக்கு அளித்தது. குளிர்பான ஆலை நிலத்தடி நீர் எடுத்தது பற்றிய பிளாச்சிமடை வழக்கில் 2003-இல் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் சொத்து, அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்றார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 2018-இல் அனுமதியின்றி வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பதைத் திருட்டுக் குற்றமாகவே கருதலாம் என்றது. ஆனால் 2003-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டது. திருட்டு என்று சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் காவல் காக்கச் சட்டம் இல்லாமல் போனது.

நகரத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. குடிநீரே முதல் தேவை என்று தேசிய நீர்க் கொள்கை சொல்கிறது. குடிசையில் குடத்தோடு காத்திருக்கும் தாய் குற்றவாளி அல்லள். ஆயினும், கிராமத்திலும் மனிதர் குடிக்கிறார்கள் என்பதை அந்தக் கொள்கையைக் காட்டுவோர் மறந்துவிடுகிறார்கள்.

மழைநீர்ச் சேகரிப்பை 2003-இலேயே கட்டாயமாக்கிய மாநிலம் இது. தன் கூரையில் விழும் மழையைக் கடலுக்கு விட்டுவிட்டு அடுத்தவர் கிணற்றை எட்டிப்பார்க்கும் நகரம், தன் தாகத்தைப் பிறர்மேல் சுமத்துகிறது. ஏரிகளைக் குப்பைமேடாக்கிக் கட்டடம் எழுப்பிய தலைமுறை கிராமத்திடம் தியாகம் கேட்கத் தகுதியற்றது. பகுத்துண்ணச் சொன்ன மரபில் வந்தவர்கள் நாம். பகிர்வது கொடுப்பவர் மனம் ஒப்பிச் செய்வது, பறிப்பது வேறு.

இனி ஒரு நீர்ச் சட்டம் வருமானால், கிராமசபையின் ஒப்புதல் இல்லாமல் ஒரு லாரியும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பதை அதன் முதல் பிரிவாக எழுதுங்கள். சட்டமன்றத்தில் அமர்ந்திருப்போரிடம் கேட்பது இதுதான்.