படைத்தவன் தந்த ஹக்கு



மனிதனுக்கு உரிமையைக் கொடுத்தவன் யார்? அரசனா, படைத்த நாயனா? அரசன் கொடுத்தானென்றால் நாளை அவனே பறித்துக் கொள்ளலாம். படைத்தவன் கொடுத்தானென்றால் அதைப் பறிக்க எவனுக்கும் அதிகாரமில்லை.

1776 ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்கத் தலைவர்கள் ஏற்ற சுதந்திரப் பிரகடனம் இந்த அடிப்படையில்தான் எழுந்தது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர், உயிரும் சுதந்திரமும் படைத்தவன் அருளிய உரிமைகள் என்று அது முழங்கிற்று. 1787-இல் வரைந்த அரசியல் சட்டமோ அரசுப் பதவிக்கு மதச் சோதனை கூடாதென்றது. 1791-இல் சேர்ந்த முதல் திருத்தம் மத சுதந்திரத்திற்குக் காவலாயிற்று. நல்லது எங்கிருந்தாலும் நல்லதே.

ஆனால் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார்! அடிமை வாணிபத்தைக் கண்டித்து அவரே நகலில் எழுதிய பகுதியைக்கூட மற்றத் தலைவர்கள் நீக்கிவிட்டனர். நாவு சொன்னதைக் கை செய்யவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா டோரோவில் பல்லாண்டு ஓதிக் கற்ற ஆலிம் உமர் இப்னு சயீத். 1807-இல் அவரைப் பிடித்துக் கப்பலேற்றிச் சார்ல்ஸ்டன் நகரில் விற்றார்கள். 1831-இல் அவர் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். அதன் முகப்பில் அவர் வைத்தது எது தெரியுமா? சூரத்துல் முல்க்! 'முல்க்' என்றால் ஆட்சி, உடைமை. மனிதனை மனிதன் உடைமையென்று சொன்ன நாட்டில், ஆட்சியனைத்தும் அல்லாஹ்வின் கையில் என்று தொடங்கும் அத்தியாயத்தை ஓர் அடிமையின் பேனா எழுதிற்று. அடிமைத்தனம் ஒழிந்தது 1865-இல்தான். உமரோ அதற்குமுன்பே அடிமையாகவே மறைந்தார்.

சகோதரர்களே! அவர்களைப் பழித்துவிட்டு நாம் எழுந்து போய்விடலாமா? ஹிஜ்ரி 10-இல் அரஃபாத் பெருவெளியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உயிரையும் பொருளையும் புனிதமென்று அறிவித்தார்கள். பெண்மக்களின் வாரிசுப் பங்கைத் திருமறையே வரையறுத்துவிட்டது. அந்தப் பங்கைச் சகோதரிக்குக் கொடுத்தோமா? "வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள்" என்கிறோமே, மனமார்ந்து சொன்னாளா, நம் முகத்துக்கு அஞ்சிச் சொன்னாளா? வேலையாளின் கூலியை நாள் கடத்தாமல் கொடுத்தோமா?

ஏட்டிலுள்ள ஹக்கு, வீட்டில் நடைபெற்றால்தான் ஹக்கு. இல்லையேல் நம்மிடமுள்ள வேதமே மறுமையில் நமக்கெதிராகச் சாட்சி சொல்லும்.

அடியார்களின் ஹக்கை நிறைவேற்றும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம்மனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.