மிஸ்டர் அப்பா

லீ குவான் யூவை 'மிஸ்டர் லீ' என்றால் சரி. சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னால் நிற்கும். மகாதீர் முகமதை 'டாக்டர் முகமது' என்றால் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும். மலாய்க்காரர்களைப் போல நமக்கும் பெரும்பாலும் குடும்பப்பெயர் கிடையாது. படிவம் விடுமா? அடையாள அட்டையில் ஏ/எல்லுக்குப் பின்னால் இருக்கும் அப்பா பெயரோடு 'மிஸ்டர்' சேர்த்து எனக்கு மின்னஞ்சல் வருகிறது. (அக்காவுக்கு இன்னும் மோசம், 'மிஸ்' போட்டு அப்பா பெயர்!) கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போடும் 'மிஸ்டர்' படிவத்துக்குச் செய்யும் மரியாதை, ஆளுக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் திருத்தி எழுதக் கை வரமாட்டேங்குது. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அப்பாவைக் கிராணி கடைசிவரை 'டேய்' என்றுதான் கூப்பிட்டார். 'மிஸ்டர்' எல்லாம் அவர் செத்த பிறகுதான் வருது.