ஏழாவது சிகரம்

அறவியல் வினாக்கள் போர்க்களத்திலும் நீதிமன்றிலுமே எழுவன என எண்ணுதல் எமது வழக்கம். ஆயின், பொழுதுபோக்கின் பொருட்டுப் புறப்பட்ட ஒருநாள் நடையிலும் அவை எழக்கூடும். ஸ்கொத்லாந்தின் மலைமுகடு ஒன்றிலே நண்பர் இருவர் செல்லும் நடையினை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய வினா ஒன்றை ஈண்டு ஆராய்வோம். ஒரே குறிக்கோளை நாடி இருவர் சேர்ந்து செல்கையில் ஒருவனால் தொடர இயலாது போயின், மற்றவன் செய்யத்தக்கது யாது?

ஸ்கொத்லாந்தின் வடமேற்கு மேட்டுநிலத்திலே கிளென் ஷீல் என்னும் பள்ளத்தாக்கு உளது. அதன் தென்புறத்தே கிழக்கு மேற்காக நீளும் மலைமுகட்டில் ஏழு சிகரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஏழும் 3000 அடிக்கு, அதாவது 914.4 மீற்றருக்கு, மேற்பட்டவை. கோடையின் நீண்ட பகலில் ஏழினையும் ஒரே நாளில் நடந்து முடித்தல் அந்நாட்டு மலைநடையாளர் பெரிதும் விரும்பும் செயலாகும். 3000 அடி என்னும் எல்லைக்கு ஒரு வரலாறு உண்டு. சேர் ஹியூ மன்றோ என்பார் அவ்வுயரத்தைக் கடந்த 283 மலைகளை அட்டவணைப்படுத்தி, 1891 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து மலையேறுவோர் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். அவர் பெயராலேயே அம்மலைகள் 'மன்றோக்கள்' என வழங்கலாயின. அட்டவணையை ஆக்கியவர் தாமே அதனை முழுதும் ஏறி முடிக்காது 1919 இல் மறைந்தார்.

எமது நண்பர் இருவரும் காலையில் அம்முகட்டின் கிழக்கு முனையில் ஏறத் தொடங்குகின்றனர் எனக் கொள்வோம். மூன்று சிகரங்களைக் கடந்து, மோல் ஹின் ஜெரக் எனப்படும் நான்காவதை அடையும்போது ஒருவனுக்கு முழங்கால் வலி மிகுகின்றது. அச்சிகரத்திலிருந்து வடகிழக்காகக் கிளைமுகடு ஒன்று நெடுஞ்சாலையை நோக்கி இறங்குகின்றது. மேற்கே இன்னும் மூன்று சிகரங்கள் உள. வலியுற்றவன் கூறுகின்றான்: "நீ போய் முடித்துவிட்டு வா, நான் மெல்ல மெல்ல இறங்கிவிடுவேன்."

தொடர்ந்து செல்லலாம் என்பார் கூறும் நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒவ்வொரு மனிதனையும் தானே தீர்மானிக்கவல்ல ஒருவனாக மதித்தல் வேண்டும் என்பது கான்ற் என்னும் தத்துவஞானியின் அறவியலுக்கு அடிப்படை. நண்பன் குழந்தை அல்லன். "போ" என்று அவன் கூறியபின்னும் போகாதிருத்தல் அவன் சொல்லை மதியாமை ஆகாதா? இதற்கு மறுமொழியாகப் பலரும் ஆபத்தைச் சுட்டுவர். மூட்டம் சூழலாம், கால் முற்றாகவே மறுக்கலாம், அங்கே மீட்புப் பணிக்கு வருவோரிற் பெரும்பாலார் ஊதியம் பெறாத தொண்டர்களாதலின், ஒருவன் ஆசையின் விலையைப் பிறர் செலுத்த நேரிடலாம். இவை யாவும் உண்மையே. எனினும், வானம் தெளிந்துள்ளது, வழி எளிது, ஆபத்து இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வினா தீர்வதில்லை. ஏனெனில், "நீ போ" என்னும் சொல் எங்கிருந்து பிறந்தது என்று கேட்டல் வேண்டும். தான் ஒரு தடையாகிவிட்டோமே என்னும் கூச்சத்திலிருந்தே அது பிறந்தது. அவனைத் தடையாக்கியது முழங்கால் அன்று. ஏழு என்னும் எண்.

அவ்வெண்ணின் இயல்பைச் சற்று நோக்குவோம். ஏழாவது சிகரமான கிறேக் நன் டாவ் மன்றோவின் எல்லையை விஞ்சுவது நான்கு மீற்றருக்கும் குறைவான உயரத்தாலேயே. அந்த நான்கு மீற்றர் இல்லையாயின் இம்முகட்டிற்கு ஆறே கணக்கு. வேறோரிடத்தில் உள்ள பெய்ன் அ ஹ்லைவ் என்னும் மலை, புதிதாக அளக்கப்பட்டபோது அரை மீற்றருக்கும் குறைவான அளவால் எல்லைக்குக் கீழ்ப்பட்டதாகக் காணப்பட்டு, 2012 இல் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. மன்றோக்களின் தொகை 282 ஆயிற்று. அம்மலையின் ஒரு கல்லேனும் இடம்பெயரவில்லை. 1892 இல் நெய்ஸ்மித் என்பார் நடைக்குக் காலம் கணிக்கும் விதி ஒன்றைத் தந்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம், 2000 அடி ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணித்தியாலம். பயனுள்ள விதி அது. ஆயினும் உடன்வருபவனின் வலிக்கு அதில் இடமில்லை.

இதனால் எண்ணிக்கையே பயனற்றது என்று கூறுதல் பொருந்தாது. மன்றோவின் அட்டவணை இராதிருப்பின், யாரும் நாடாத எத்தனையோ மலைகளுக்கு மனிதர் சென்றிரார். எண் எம்மை வீட்டினின்றும் வெளியே அழைத்துச் செல்கின்றது. அழைத்துச் சென்ற பின்னர் அதுவே ஆண்டானாகிவிடுதலே இடர். மன்றோக்கள் அனைத்தையும் முதன்முதலில் முடித்தவராகக் கருதப்படும் றொபேற்சன் என்னும் குருவானவர், 1901 இல் இறுதிச் சிகரத்தில் நின்றபோது முதலில் உச்சியிலிருந்த கற்குவியலையும் பின்னரே உடனிருந்த மனைவியையும் முத்தமிட்டார் என்று மலையேறுவோர் கூறுவர். கேட்போர் நகைப்பர், அந்த வரிசைமுறை எமக்கும் புதியதன்று என்பதனாலேயே நகைக்கின்றோம்.

நட்பை அரிஸ்ரோட்டில் மூவகைப்படுத்தினார்: பயன் கருதியது, இன்பம் கருதியது, நண்பனின் நற்பண்பையே கருதியது. நான்காவது சிகரத்தில் எமது நண்பர்களின் நட்பு இவற்றுள் எவ்வகையினது என்பது வெளிப்படுகின்றது. ஏழு சிகரங்களே நோக்கமாயின், நண்பன் வழித்துணைக்கான ஒரு கருவி. கருவி பழுதுற்றால் விட்டுச்செல்லலாம். இருவரும் சேர்ந்து நடப்பதே நோக்கமாயின், நான்காவது சிகரத்தில் அந்நடை குறைவுபடவில்லை. கீழிறங்கும் வழியிலும் அது தொடர்கின்றது.

ஆகவே, உடன் இறங்குதலே தக்கது என்பது எமது முடிபு. ஆயின் முடிபு இத்துடன் நிறைவுறுமாறில்லை. இறங்கியவன் வழிநெடுகப் பெருமூச்செறிந்து, பின்னொரு நாளில் "உனக்காக அன்று மூன்று மலைகளை விட்டேன்" என்பானாகில், அவன் உண்மையில் இறங்கியவன் அல்லன். விட்ட மூன்றையும் நண்பன் பெயரிற் கடனாக எழுதிவைத்து, முன்னைய கணக்கையே வேறு ஏட்டில் தொடர்கின்றான். தியாகம் என்று தன் செயலுக்குப் பெயரிடும் கணத்திலேயே அவன் நண்பனை மீண்டும் தடையாக்கிவிடுகின்றான். "நீ போ" என்றவனின் கூச்சத்தை நீக்கவல்லது, உடனிறங்குபவன் உள்ளத்தில் ஏழு என்னும் எண் மெய்யாகவே நீங்குதல் ஒன்றே. அதனை வலிந்து வருவித்தல் அரிது. முதற் சிகரத்தில் ஏறும்போதே எதற்காக ஏறுகின்றோம் எனத் தன்னைக் கேட்டுக்கொண்டவனுக்கே அது எளிதாகும். நான்காவது சிகரத்தில் செய்யும் தீர்மானம், மலையடிவாரத்திலேயே பெரிதும் செய்யப்பட்டுவிட்டது எனலாம்.