கூச்சத்தோடு போகலாம், தெரியாமல் போகக் கூடாது

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்கு அந்தமானின் சிப்பிகாட்டிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போய்விடலாம். ஆனால் ஆசனவாயில் ஒரு தொந்தரவு வந்தவருக்கு அந்தத் தூரத்தைக் கடக்க மாதக்கணக்கில் ஆகிறது. மூலமா பவுத்திரமா என்று தெரியாமலே களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு நாளை ஓட்டுகிறார். பிரசவத்தில் கிழிந்து தையல் போட்ட பெண், வாயு பிரிவதை அடக்க முடியவில்லை என்பதைப் புருஷனிடம்கூடச் சொல்வதில்லை. தீவில் இதற்கு மேலும் ஒரு பாரம் உண்டு. அங்கே வெளியில் பேசும் மொழி இந்தி. தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை இந்தியில், நாலு பேர் நிற்கும் வரிசையில் சொல்ல வேண்டும். சின்ன ஊரில் வார்டில் நிற்பவர் தெரிந்தவராக இருக்கவும் கூடும். இப்படிப்பட்ட கூச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. உடம்பைப் பற்றிய அந்தரங்கம் மனிதருக்கு வேண்டியதுதான். மருத்துவமனை நீக்க வேண்டியது கூச்சத்தை அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘என்ன செய்வார்களோ’ என்ற பயத்தை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பயத்துக்கு மருந்து இருக்கிறது: முன்னாலேயே சொல்லிவிடுவது.

எண்டோஏனல் அல்ட்ராசவுண்ட் என்ற பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். பெயர் மிரட்டுகிறது, நடப்பது சிறியது. பெரும்பாலும் பட்டினி கிடக்க வேண்டாம், மயக்க ஊசியும் வேண்டாம். சில இடங்களில் முன்னதாக இனிமா கொடுப்பார்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். விரல் பருமனுள்ள ஒரு கருவிக்கு உறை மாட்டி, ஜெல் தடவி, சில சென்டிமீட்டர் மட்டும் உள்ளே செலுத்தி மெதுவாக வெளியே இழுப்பார்கள். அது சுற்றிலும் ஒலியலை அனுப்பிப் படம் எடுக்கும். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது. ஆசனவாயை மூடும் உள் சுருக்குத் தசை கறுப்பு வளையமாகவும், வெளித் தசை அதைச் சுற்றி வெளுப்பாகவும் திரையில் தெரியும். வளையம் எங்கே அறுந்திருக்கிறது, பவுத்திரத்தின் பாதை தசையை எந்த உயரத்தில் துளைத்துப் போகிறது, சீழ் எங்கே தேங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியவரும். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் முடியும். எழுந்து வீட்டுக்குப் போய் வழக்கம்போலச் சாப்பிடலாம். அழுத்தம் தெரியும், மலம் வருவதுபோல ஒரு உணர்வு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வெடிப்போ சீழ்க்கட்டியோ இருந்தால் நிஜமாகவே வலிக்கும். அதை முன்பே சொல்லிவிட்டால் மருத்துவர் வேறு வழி பார்ப்பார். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்பதையும் நோயாளி தெரிந்துகொண்டு படுக்க வேண்டும்.

விரலால் பார்த்தாலே மருத்துவருக்குத் தெரியாதா, இது எதற்கு என்று கேட்கலாம். அனுபவமுள்ள விரல் நிறையச் சொல்லும். பலருக்கு அதுவே போதும். ஆனால் 1993இல் லண்டனில் அப்துல் சுல்தானும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், முதல் பிரசவம் சிசேரியன் இல்லாமல் நடந்த பெண்களில் 35 சதவீதம் பேருக்குச் சுருக்குத் தசையில் சேதம் இருப்பது இந்த ஸ்கேனில் தெரிந்தது. அவர்களில் அநேகருக்குக் கிழிசல் வெளியில் தெரியவில்லை, எல்லோருக்கும் தொந்தரவும் இல்லை. ஆகவே எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடக்க முடியாத தொந்தரவோடு வரும் பெண்ணிடம் ‘பிள்ளை பெத்தா அப்படித்தாம்மா இருக்கும்’ என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இது போதிய ஆதாரம். பவுத்திரத்திலும் இப்படித்தான்: எவ்வளவு தசை சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் அறுத்தால் அடக்கும் சக்தியே போய்விடக்கூடும். பலமுறை அறுவை செய்தும் திரும்ப வந்த பவுத்திரத்துக்கு எம்ஆர்ஐ மேலானது. இந்த ஸ்கேன் கருவியின் பார்வைக்கு எட்டாத ஆழத்தையும் அது காட்டும்.

இவ்வளவும் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற வாதமும் உண்டு, முக்கியமாக நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனைகளில். அறையில் ஆடையைத் தளர்த்தச் சொல்லும்போதுதான் விஷயம் தெரியவந்தால், அந்த நோயாளி அடுத்த முறை வரவே மாட்டார் என்பதை இந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை. சட்டமும் இந்த மௌனத்தை ஏற்கவில்லை. என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா என்று விளக்கிப் பெறுவதுதான் சம்மதம் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பார்க்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது. இரண்டுக்கும் பெரிய செலவில்லை. தமிழில் ஒரு பக்கத் தாள், திரைச்சீலை, கூட நிற்க ஒரு நர்ஸ்.

தீவுக்காரர்களுக்கு இந்தத் தாளின் அவசியம் இன்னும் கூடுதல். மேல்சிகிச்சை என்றால் சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம், கப்பலில் இரண்டு மூன்று நாள். போன பிறகு ‘இப்படியென்று தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேனே’ என்று திரும்புவது யாராலும் தாங்க முடியாத செலவு. ஸ்கேன் முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற வரியும் அந்தத் தாளில் இருக்கட்டும். தசை எவ்வளவு அறுந்திருக்கிறது என்று அதில் எழுதியிருப்பதை வைத்துத்தான், அடுத்த பிரசவம் இயல்பாக நடக்கட்டுமா சிசேரியனா என்று பிரசவத்தில் கிழிந்த பெண்ணோடு மருத்துவர் பேச முடியும்.