தப்பி ஓடியவர்

நெடுஞ்சாலை விபத்துச் செய்திகளின் கடைசியில் அநேகமாக ஒரு வாக்கியம் இருக்கும்: 'தப்பி ஓடிய லாரி டிரைவரைப் போலீசார் தேடி வருகின்றனர்.' காலைக் காப்பியோடு அதைப் படிக்கிற நமக்கு வேறு விசாரணை தேவைப்படுவதில்லை. ஓடினான், ஆகவே குற்றவாளி. பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம்.

ஓடியது குற்றந்தானா என்று நான் சற்று நிதானமாகவே கேட்க விரும்புகிறேன்.

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை மதுரையை ஒட்டித்தான் செல்கிறது. ஊர் உறங்கும்போது அந்தச் சாலை உறங்குவதில்லை. மாட்டுத்தாவணிக்கு வரவேண்டிய காய்கறி விடிவதற்குள் வந்தாக வேண்டும். தாமதமானால் விலை விழும், ஏச்சு டிரைவருக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்று 1961-லேயே சட்டம் சொல்லியது. நல்ல சட்டம்தான். ஆனால் பின்னிரவு மூன்று மணிக்குக் கண் சொருகும்போது வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்குச் சட்டத்தில் விடை தேட முடியாது. பேச்சுத் துணைக்குக் கிளீனராவது உண்டா என்றால், பல லாரிகளில் இன்று அவனும் இல்லை. (டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமானது 2025-ல், அதுவும் புதிதாகத் தயாராகும் லாரிகளுக்குத்தான். மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் அந்தச் சுகம் எப்போதோ கிடைத்துவிட்டது.)

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் ஐம்பது வயது டிரைவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஓர் இரவு தூக்கம் தாங்காமல் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன் பின்னால் மோதிவிட்டான்.

"எறங்கிப் பாத்தேன் சார். மூச்சு இருந்துச்சு. தூக்கலாம்னு குனிஞ்சேன், முதுகுல ஒரு அடி. நின்ன வண்டிய்யானு சொன்னா யாரு கேக்குறா?"

"அப்புறம் என்ன செய்தீர்கள், அண்ணே?"

"கம்மாக்கரை வழியா ஓடினேன். செல்லு கேபின்லயே கெடந்துச்சு. ஒரு மோட்டார் ரூம்ல ஆளை எழுப்பி 108-க்குச் சொல்லச் சொன்னேன். வெளிச்சம் வந்ததும் ஸ்டேஷனுக்குப் போயிட்டேன்."

பையன் பிழைத்துக்கொண்டான். ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. உடனே தூக்கிப்போட்டுக் கொண்டு போயிருந்தால் அந்தக் கால் தப்பியிருக்குமோ என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க டிரைவர் ஆவன செய்ய வேண்டும் என்கிறது. கூடவே ஒரு விலக்கு: கூட்டத்தின் வெறியால் அது முடியாமற்போனால் தவிர. மக்களின் ஆத்திரத்தைச் சட்டமே மழை, வெள்ளம் போல ஏற்றுக்கொண்டுவிட்டது! அது நமக்குப் பெருமையா?

புதிய நியாயச் சட்டம், அஜாக்கிரதையாக ஓட்டிச் சாவு நேரச் செய்து, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் ஓடுகிறவனுக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் லாரிகள் நின்றன. அவ்வாண்டு ஜூலை 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது, அந்த ஓர் உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். டிரைவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் தகவல் சொல் என்று கேட்பதில் தவறு காண என்னால் இயலவில்லை. உயிருக்குப் பயந்து ஓடுகிறவனை மன்னிக்கலாம். ஓடி ஒதுங்கிய பிறகும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒளிகிறவனை எப்படி மன்னிப்பது? சாலையில் கிடப்பவனுக்கும் வீட்டில் தாய் இருக்கிறாள்.

திருவாரூர் வீதியில் கன்று தானே துள்ளி வந்து தேர்க்காலில் சிக்கியதாகத்தான் பெரியபுராணம் சொல்கிறது. ஆனாலும் சோழ மன்னன் தேரில் வந்த தன் மகனையே பொறுப்பாக்கினான். தேர்ப்பாகன் யார் என்று அவன் விசாரித்ததாகக் கதையில்லை. நம் காலத்தில் பாகனை மட்டுமே தேடுகிறோம். இன்னொரு நடை போகச் சொன்ன முதலாளி, விடிவதற்குள் சரக்கு வேண்டுமென்ற வியாபாரி, வாடாத கீரைக்குப் பேரம் பேசுகிற நான் - எங்களை எந்த நிலையத்திலும் கூப்பிடுவதில்லை.

அன்று அந்த லாரியில் இருந்தது தக்காளி. போலீஸ் நிலையத்தில் செல்போன் கைக்கு வந்ததும் வந்த முதல் அழைப்பு, சரக்கு எங்கே நிற்கிறது என்று கேட்டதாம்.