படத்திலுள்ள பெண்ணும் வீட்டிலுள்ள பெண்ணும்

பெண்குழந்தை ஒன்று தன்னை இன்னாள் என்று அறிந்துகொள்வது எதனால்? தாய் சொல்லும் சொல்லாலா, பள்ளியிற் பயிலும் பாடத்தாலா, அன்றிச் சுவரிற் காணும் படத்தாலா? இக்கேள்வியை அற்பமென்று தள்ளுவோர் உளர். வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கும் தோட்ட மக்களுக்குச் சித்திர விசாரம் எதற்கு என்றும் சிலர் கேட்பர். நாம் அவ்வாறு கருதுகின்றோமில்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லயத்து வீடுகள் நிறைந்திருந்த காலத்தில், புத்தகம் இல்லாத வீடுகள் பல இருந்தன. நாட்காட்டிப் படம் இல்லாத வீடு அரிது. எழுத்தறியாத கண்ணுக்கும் பாடம் சொல்ல வல்லது படம். அது என்ன பாடம் சொல்லிற்று என்று ஆராய்தல் நம் கடமையாகும்.

அவ்வகைப் படங்களுக்கு வழிகாட்டியவர் கிளிமானூர் இரவிவர்மா (1848–1906). இந்தியப் பெண்களைத் தீட்டிய 10 ஓவியங்களை 1893ல் சிக்காகோ உலகப் பொருட்காட்சிக்கு அனுப்பிப் பரிசு பெற்றவர் அவர். அடுத்த ஆண்டிலேயே பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அரண்மனைச் சுவருக்கே உரியதாயிருந்த வண்ணப்படம் ஏழையின் குடிசைக்கும் வந்தது. கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவன், எவர் தயவுமின்றித் தன் வீட்டிலேயே இலக்குமியையும் சரஸ்வதியையும் கண்டான். இந்நன்மையை மறப்பது நன்றி கொன்ற செயலாம். பின்னர்க் கோவில்பட்டிக் கொண்டையராஜுவும் அவர் மாணாக்கரும் எழுதிய படங்கள், சிவகாசி அச்சுக்கூடங்களின் வழியே நாட்காட்டிகளாகப் பெருகின.

நிற்க. அப்படங்களிலுள்ள பெண் எத்தகையவள்? வெளுத்த மேனி; குறையாத நகை; வேலையறியாத கை; எதிரே நிற்பவரை நோக்கி மாறாத புன்னகை. தெய்வத்துக்கென எழுதிய முகமே சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் விளம்பரமாயிற்று. நாளடைவில் இலட்சணம் என்பதற்கே அதுதான் இலக்கணமாயிற்று. “கறுப்பாயிருந்தாலும் களையாயிருக்கிறாள்” என்று நம் வீடுகளில் மெச்சிப் பேசுவதைக் கவனியுங்கள். அந்த “இருந்தாலும்” என்னும் ஒரு சொல்லில் எத்துணை இழிவு அடங்கியிருக்கிறது! 1975ல் இந்தியச் சந்தைக்கு வந்த “ஃபேர் அண்ட் லவ்லி” என்னும் களிம்பு அந்தச் சொல்லை விற்றே வாழ்ந்தது. 2020ல்தான் அதன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீங்கியது. பெயர் மாறிற்று, நம் நாவு மாறிற்றா?

இப்பார்வைக்கு நேர்மாறான பார்வை ஒன்றும் இந்தியச் சித்திரத்தில் உண்டு. சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் 1913ல் பிறந்து, பாரிஸ் நகரில் சித்திரம் பயின்று, 1934ன் இறுதியில் இந்தியா திரும்பிய அம்ரிதா ஷெர்கில் என்னும் மாதரசியின் பார்வை அது. அவர் 1935ல் தீட்டிய “மூன்று பெண்கள்” என்னும் ஓவியத்துக்குப் பம்பாய்க் கலைச் சங்கத்தின் கண்காட்சியில் 1937ல் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் லாகூரில் அவர் ஓவியங்களின் தனிக்கண்காட்சியும் நடைபெற்றது. அம்மூன்று பெண்களும் மாநிறத்தவர். சிரிக்கின்றாரில்லை, நம்மை நோக்குகின்றாரில்லை. கைகள் ஓய்ந்திருக்க, ஏதோ ஒன்றை எதிர்பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். தம்மைக் குறித்துப் பிறர் செய்யும் முடிவுக்காகக் காத்திருப்போரின் மௌனம் அது. அதே 1937ல், தென்னாட்டில் கண்ட கரிய மேனி மக்களை, எந்த “இருந்தாலும்” என்பதுமின்றி, அழகென்றே தீட்டினார்.

அந்த மௌனம் நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. 7 முதல் 14 வயதுவரை 10 பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923ம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. பள்ளி வந்தது; ஆயினும் தம்பியைச் சுமக்கும் இடுப்பு அக்காளுடையதாகவே இருந்தது. சட்டம் வயதைக் குறிக்கும், முகத்தைக் காட்டுவதில்லை. பெண்ணுக்கு 14 வயதுக்கு முன் மணம் கூடாதென்று இந்தியாவில் 1929ல் சாரதா சட்டம் எழுந்தது. அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின்னும், 1936ல், “குழந்தை மணப்பெண்” என்று ஓர் ஓவியம் தீட்ட ஷெர்கிலுக்குக் காரணம் இருந்தது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ம் ஆண்டுச் சட்டம் மணவயது 18 என்கிறது; எனினும் 16 நிரம்பிய பெண்ணுக்கு மந்திரி பெசாரின் அனுமதியோடு மணம் செய்விக்கலாம் என்றும் இடம் விடுகிறது. அந்த இடைவெளியில் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பவர் யார்?

இங்கே ஒரு தடை எழும். ஷெர்கிலின் ஓவியம் சீமான்களின் பொருளன்றோ? அவருடைய “கதைசொல்லி” 2023ல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதன்றோ? நாலணா நாட்காட்டியைக் குறைகூற நமக்கென்ன உரிமை? தடை நியாயமானதே. ஆனால் குற்றம் மலிவில் இல்லை. “மலைப்பெண்கள்” என்னும் அவருடைய ஓவியம் 1978ல் இந்திய அஞ்சல் தலையாக வெளிவந்து, சில்லறைக் காசுக்கும் எட்டியது. மலிவான தாளிலும் மெய்யான முகம் அச்சாகும். விலையுயர்ந்த துணியிலும் பொய்முகம் தீட்டப்படும். பிறர் விரும்பும் உருவைப் பெண்ணுக்கு அணிவிப்பது ஒன்று. பெண் தன் உள்ளத்தில் என்ன நினைக்கிறாள் என்று கேட்பது மற்றொன்று. படத்தை மதிக்கும் தராசு இதுவே.

நாட்காட்டியின் இடத்தைக் கைப்பேசி பற்றிக்கொண்டது. சினிமாப் பாட்டுக்கு ஆடும் சிறுமியின் முகத்தை ஒரு நொடியில் வெளுப்பாக்கும் வித்தையும் அதனுள் இருக்கிறது. முன்னர்ச் சுவரிலிருந்த பொய்முகம் இப்போது அவள் முகத்தின்மேலேயே ஒட்டுகிறது. இதற்காகச் சிறுமியைக் கடிந்து கைப்பேசியைப் பிடுங்குவோர் அறிவிலிகள். கறுப்பு குறையென்று அவளுக்குக் கற்பித்தவர் நாமன்றோ? பாட்டும் ஆட்டமும் அவள் உரிமை. தன் நிறத்துக்கு நாணுவது அவள்மேல் நாம் ஏற்றிய சுமை.

ஆதலின் அன்பர்களே, படங்களைக் கிழிக்க வேண்டா. நாவிலுள்ள அந்த “இருந்தாலும்” என்பதைக் களையுங்கள். பெண்குழந்தையின் கையில் வண்ணக்கோலைக் கொடுத்து, அவள் முகத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். அவள் எந்த வண்ணத்தை எடுக்கிறாளோ, அதுவே நாம் அவளை எவ்வாறு வளர்த்தோம் என்பதற்குச் சாட்சி.